பருந்துப் பாறைக்குச் சுற்றுவழி

வென்டல் பிக்ஃபர்ட் எதையும் சுற்றிப் போனதில்லை.

வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சமையலறைக் கதவுக்கு அவன் மனைவி லொரெய்ன் கல் பதித்த நடைபாதை போட்டிருந்தாள். அது வேலியோரமாகப் போய், பூப்பாத்தியைச் சுற்றி, கதவுக்கு வரும். தபால்காரர் அதில் நடப்பார். வென்டல் புல்வெளியின் குறுக்கே நடப்பான். அவன் நடந்து நடந்து அங்கே புல் செத்து, ஒரு கோடு விழுந்திருந்தது. லொரெய்ன் கோட்டின் மேல் ருபார்ப் செடிகளை நட்டாள். அவன் தாண்டிப் போனான். ஒரு பெஞ்சைப் போட்டாள். பெஞ்சின் மேல் ஏறி இறங்கினான். கடைசியில் தேவாலயத்தில் பழைய சாமான் விற்றபோது பறவைகள் குளிக்கும் சிமெண்டுத் தொட்டி ஒன்றை வாங்கி வந்தாள். இரண்டு ஆள் தூக்கும் கனம். அதைக் கோட்டின் நட்டநடுவில் வைத்தாள். அதற்கும் அவன் ஓரமாக ஓர் அடி விலகி நடந்தான். கோடு அந்த இடத்தில் மட்டும் சற்று வீங்கியிருந்தது.

குறுக்கே போகப்போகிற இடத்தை அவன் ஒரே ஒருமுறைதான் பார்ப்பான். பிறகு வானத்தைப் பார்ப்பான். வானத்தைப் பார்த்தபடியே காலை எடுத்து வைப்பான். லொரெய்ன் இதைக் கல்யாணமான முதல் வருஷமே கவனித்துவிட்டாள். சொன்னதில்லை.

அவன் பீல்ஸ்பரோ ஊரின் பனி வண்டி ஓட்டுகிறவன். சாலையில் விழுந்த பனியை நேராகத் தள்ளிக்கொண்டு போகிற வேலை. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒவ்வொரு சந்திலும் திருப்பி, பின்னால் எடுத்து, மறுபடி திருப்புகிற வேலை. இது போதாதென்று அவள் ஊர்ப் பாதைக் குழுவுக்கும் தலைவி.

சண்டை பாதையைப் பற்றித்தான் வந்தது.

ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையின் உச்சியில் பருந்துப் பாறை. அதற்கு ஏறும் வழியை வெட்டியவர் வென்டலின் தாத்தா. மேலே காட்டுத்தீயைக் கண்காணிக்கிற வேலையில் இருந்தார். எப்போதும் தாமதமாகக் கிளம்புகிறவர். அதனால் வழியை வீட்டு வாசலிலிருந்து உச்சிக்கு ஒரே கோடாக வெட்டினார். பிறகு பனி உருகிய நீரெல்லாம் அந்தக் கோட்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. இப்போது அது பாதை இல்லை, ஓடை. இடுப்பளவு பள்ளம், இருபுறமும் வேர்கள் தொங்கும். போன இலையுதிர் காலத்தில் கனெக்டிகட்டிலிருந்து வந்த ஒருவர் அதில் கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஊரே சேர்ந்து ஸ்ட்ரெச்சரில் இறக்கியது. வழி முழுக்க அவருக்குக் கொடுத்த காபி ஆறிப்போயிருந்தது பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

மார்ச் மாதம் ஊர்க்கூட்டம். பள்ளி விளையாட்டுக்கூடத்தில் மடக்கு நாற்காலிகள். மூலையில் பன்றி இறைச்சியும் பீன்ஸும் விற்றார்கள். லொரெய்ன் எழுந்து, பேருந்தின் கடைசி இருக்கைக்கும் கேட்கிற குரலில் பேசினாள்.

"தண்ணிக்குப் பாதை போட்டுட்டு மனுஷன் ஏன் வழுக்குறான்னு கேக்குறோம். மலையை வளைச்சு வளைச்சு ஏறுற மாதிரி புதுசா போடணும். கொண்டை ஊசி வளைவு வெச்சு. சாய்வு கம்மியா இருந்தா தண்ணியும் பாதையை அறுக்காது, கணுக்காலும் தங்கும்."

அவள் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் புருஷன் எழுந்தான்.

"மலை அங்கதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியுது. அதைப் பாத்து நடக்குறதை விட்டுட்டு அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்து, அது என்ன, மலைகிட்ட கடன் வாங்கிட்டு ஒளிஞ்சுக்கிட்டுப் போற மாதிரி? எங்க தாத்தா வழியில நான் ஏறுவேன். உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த வளைவுல கால் வெக்க மாட்டேன்."

கூட்டத்தை நடத்தியவர் கண்ணாடியை இறக்கினார். "இது தீர்மானத்துக்குத் திருத்தமா வென்டல், இல்ல தகவலா?"

"தகவல்."

"தகவல் கேட்டாச்சு. ஓட்டுக்குப் போகலாம்."

எதிர்த்துக் கை தூக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவன் வென்டல். இன்னொருவர் பள்ளிக்கூட வரி என்று நினைத்துத் தூக்கிவிட்ட ஒரு கிழவர்.

இருவரும் ஒரே வண்டியில் வீடு திரும்பினார்கள். பாலம் தாண்டியதும் அவன் சொன்னான்.

"நல்லாத்தான் பேசின."

"நீயும்தான்," என்றாள் லொரெய்ன்.

மே மாதம் சேறு காய்ந்ததும் வேலை தொடங்கியது. அது கடிக்கிற கறுப்பு ஈக்களின் மாதமும்கூட. தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு குழு மலையேறியது. லொரெய்ன் உள்ளங்கை அளவு உலோகக் கருவி ஒன்றில் கண்ணை வைத்துச் சாய்வு பார்த்து, மரத்துக்கு மரம் நாடா கட்டினாள். மற்றவர்கள் நாடாக்களைத் தொடர்ந்து பாதையைச் சரிவில் அலமாரித் தட்டு மாதிரி வெட்டிக்கொண்டு போனார்கள். வெளி ஓரம் ஒரு விரல் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் நிற்காமல் வழிந்து போகும். வேர்களைக் கோடரியால் வெட்டினார்கள். திருப்பம் வரும் இடத்தில் கீழே கல்சுவர் எழுப்பினார்கள். கடப்பாரை வைத்து நெம்பி, உருட்டி, கல் உட்காரும் வரை ஆட்டிப் பார்த்து, ஆடினால் எடுத்து, மறுபடி வைத்தார்கள். ஒரு திருப்பத்துக்கு இரண்டு மூன்று சனிக்கிழமைகள் போயின.

குழுவில் ஹார்லன் ஃபாஸும் இருந்தான். ஊர்க் கடைக்காரன். சத்தியப் பிரமாணம் வாங்குவதற்கும் கல்யாணம் பண்ணி வைப்பதற்கும் ஊரில் அதிகாரம் உள்ளவன். சிறுவயதிலிருந்து வென்டலுக்குக் கூட்டாளி. லொரெய்ன் செய்து கொண்டுவரும் மேப்பிள் டோனட்டுக்காகத்தான் சேர்ந்தான். அதை ஒத்துக்கொள்ளவும் செய்தான்.

"நீயுமாடா?" என்றான் வென்டல், கடையில்.

"என்னப்பா பண்றது. உன் வீட்டு டோனட்டு உனக்கு உக்காந்த இடத்துல கிடைக்குது. நான் கல்லு தூக்க வேண்டியிருக்கு."

வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து மலை தெரியும். சனிக்கிழமை இரவு பீன்ஸும் பழுப்பு ரொட்டியும் சாப்பிடும்போது வென்டல் கேட்பான்.

"இன்னைக்கு எவ்வளவு தூரம் மேல போனீங்க?"

"மூணாவது திருப்பம் முடிஞ்சது."

"மேல எவ்வளவுன்னு கேட்டேன். பக்கவாட்டுல எவ்வளவுன்னு கேக்கல."

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவுவாள்.

ஆகஸ்டில் இடி மழை வந்தது. மூன்றாவது திருப்பத்தின் சுவர் வயிறு தள்ளிக்கொண்டது. லொரெய்ன் முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றினாள்.

"பின்னாடி என்ன போட்ட?" என்றான் வென்டல்.

"மண்ணு."

"மண்ணு தண்ணி குடிச்சா ஊதும். சல்லி போட்டிருக்கணும்."

"போட்டிருக்கணும்."

"எனக்கென்ன. நான் நடக்கப்போறதில்ல."

மறுவாரம் சுவரைப் பிரித்து, சல்லி போட்டு, மறுபடி கட்டினார்கள். சல்லி ஊர் லாரியில் வந்து மலையடியில் கொட்டிக் கிடந்தது. யார் கொட்டியது என்று லொரெய்ன் விசாரிக்கவில்லை.

இதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், ஜோலின் வந்திருந்தாள். அவர்களுடைய ஒரே மகள். கான்கார்ட் நகரத்தில் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். அயோவாக்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்யப்போகிறாள். பெயர் டெரெக். நல்ல பையன், கோணல் ஒன்றும் இல்லை என்று வென்டலும் ஒப்புக்கொண்டிருந்தான்.

"எங்க வெச்சுக்கப்போறீங்க?" என்று கேட்டான்.

"பருந்துப் பாறை மேல. அக்டோபர்ல, இலையெல்லாம் செவக்கும்போது. டெரெக் வீட்டுல மலையே பாத்ததில்லப்பா. அவங்கம்மா நம்ம ஊருப் பாலத்து மேல ஏறினதுக்கே போட்டோ எடுத்தாங்க."

வென்டலின் கரண்டி நின்றது.

"எல்லாரும் முன்னாடியே மேல போயிடுவாங்க," என்றாள் ஜோலின். "நான் கடைசி வளைவுல நிப்பேன். அங்கயிருந்து நீதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும்."

"எந்த வளைவு?"

"அம்மா போடுற வளைவு."

லொரெய்ன் எழுந்து காபி எடுக்கப் போனாள்.

"நான் தாத்தா வழியா நேரா வந்துடுவேன்," என்றான் வென்டல். "மேல வந்து உன் கையைப் பிடிச்சுக்குறேன்."

"அதை மூடிட்டாங்கப்பா. மரத்தை வெட்டிக் குறுக்க போட்டிருக்காங்க."

"ஊருக்கு மூடியிருக்கு. எனக்கு மூடல."

"முட்டி வலியோடயா?"

"முட்டி எனக்குத்தான் இருக்கு. மலைக்கு இல்ல. அதுக்காக மலையைச் சுத்தணுமா?"

ஜோலின் சிரிக்கவில்லை. "நீ வரலைன்னா நான் தனியா நடப்பேன்," என்றாள். "வேற யாரையும் கூப்பிட மாட்டேன்." சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். வென்டல் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். அந்தப் பருவத்தில் அது முழுக்கப் பச்சையாக, ஒரு வழியும் இல்லாதது போல நின்றது.

செப்டம்பரில் கடையில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

"எந்த வழியா வர்றதா உத்தேசம்?" என்றான் ஹார்லன், வென்டலுக்கு வினிகரில் ஊறிய முட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே.

"சொன்ன வழியா."

"பொண்ணோட அப்பா வரலைன்னா கல்யாணத்தை ஆரம்பிக்கலாமா கூடாதான்னு சட்டத்துல பாத்தேன். ஒண்ணும் சொல்லல. காத்துக்கிட்டிருக்கணுமான்னும் சொல்லல. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் காத்திருக்கேன். அதுக்கு மேல குளிரும்."

"நீ புஸ்தகத்தை எடுத்துட்டு வா. நான் வந்துடுவேன்."

"ஊரே பாறை விளிம்புல நின்னு பாக்கும்ப்பா. எந்தப் பக்கத்துல உன் தொப்பி தெரியுதுன்னு."

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லொரெய்ன் பேருந்தை எடுத்துக்கொண்டு போனதும் வென்டல் தாத்தா வழியை ஒருமுறை பார்த்துவிட்டு வரக் கிளம்பினான். குறுக்கே போட்ட மரங்களைத் தாண்டினான். பள்ளத்துக்குள் இறங்கினான். வேரைப் பிடித்து ஏறினான். முதல் பாறைத் திட்டு வரை முட்டி கூட வந்தது. இரண்டாவது திட்டில் மடங்கியது, பிறகு நிமிரவில்லை. அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து அணில் திட்டுவதைக் கேட்டான். ஏறவும் முடியவில்லை, நின்று இறங்கவும் முடியவில்லை. தாத்தா வெட்டிய பாதையில் வென்டல் பிக்ஃபர்ட் உட்கார்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தான்.

வீட்டுக்கு வந்து வண்டியிலிருந்து இறங்கி, புல்வெளியின் குறுக்கே நொண்டி, சிமெண்டுத் தொட்டியில் நல்ல முட்டியை இடித்துக்கொண்டான். கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து பாசி அப்பியிருந்தது. அதைத் துணிப்பெட்டியின் அடியில் திணித்து, மேலே பழைய துண்டுகளைப் போட்டான்.

இரவு சாப்பாட்டு மேசையில் லொரெய்ன் அவன் முன்னால் உறைந்த பட்டாணிப் பை ஒன்றை வைத்தாள்.

"இது எதுக்கு?"

"சாப்பிடறதுக்கு இல்ல."

அவன் அதை எடுத்து முட்டி மேல் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் இருவரும் சாப்பிட்டார்கள்.

"பாதை முடியப்போகுது," என்றாள் அவள். "எனக்கு ஒரு ஆள் வேணும்."

"கல்லு தூக்கவா?"

"இல்ல. யோக்கியமில்லாத ஆளு."

அவன் நிமிர்ந்தான்.

"திறக்குறதுக்கு முன்னாடி ஒருத்தனை நடக்க விட்டுப் பாக்கணும். ஒழுங்கா நடக்குறவன் உதவ மாட்டான். நாங்க எல்லாரும் ஒழுங்கா நடந்து நடந்து எங்க கண்ணே கெட்டுப்போச்சு. வளைவுக்கு மேல நிக்கும்போது கீழ்ப் பாதை கண்ணுல பட்டா எவனும் சுத்திப் போக மாட்டான், நேரா இறங்கிடுவான். ஒருத்தன் இறங்கினா ஊரே இறங்கும். அடுத்த வருஷம் தண்ணி இறங்கும். அப்புறம் மறுபடியும் உங்க தாத்தா வழிதான். அதனால எங்கெங்க குறுக்க போகத் தோணுதோ அங்க ஒரு நாடா கட்டிட்டு வரணும். நாங்க அங்க பாறை வெச்சு அடைப்போம்."

"யாரை யோசிச்சிருக்க?"

"ஹார்லனை."

வென்டல் முட்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஹார்லனையா?"

"ஏன், அவனுக்கு என்ன? அவனும் பொறுமையில்லாதவன்தானே."

"அவன் சோம்பேறி. சோம்பேறி வேற, பொறுமையில்லாதவன் வேற. நிழல் இருந்தா சோம்பேறி சுத்திக்கூடப் போவான். சொந்தக் கடையிலயே அவன் மேசையைச் சுத்திக்கிட்டுத்தான் வர்றான். அடியில குனிஞ்சு வந்தா ரெண்டே எட்டு. இத்தனை வருஷமா அவனுக்கு அது தோணல. அவன் கையிலயா நாடாவைக் கொடுக்கப்போற?"

"வேற யார் இருக்கா?"

அவன் பட்டாணிப் பையைத் திருப்பி வைத்தான். "நான் ஊரு முன்னாடி சொல்லியிருக்கேன்."

"என்னன்னு?"

"பாதையில கால் வெக்க மாட்டேன்னு."

"பாதையில கால் வெக்கிறதுக்கு எனக்கு ஆள் இருக்கு. பாதையை விட்டுக் காலை எடுக்குறதுக்குத்தான் ஆள் இல்ல."

அவன் யோசித்தான். அவள் சாதாரணமாகச் சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு குறுக்கிலிருந்து அடுத்த குறுக்குக்குப் போகணும்னா நடுவுல கொஞ்சம் அதுல நடக்க வேண்டியிருக்குமே."

"அது போக்குவரத்து," என்றாள் லொரெய்ன். "கணக்குல வராது."

சனிக்கிழமை காலை புல்லில் உறைபனி இருந்தது. வென்டல் ஆரஞ்சு நாடாச் சுருளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால் லொரெய்ன், பிறகு கடப்பாரைகளோடு ஹார்லனும் மற்றவர்களும். முதல் திருப்பத்துக்கு முன்பே அவன் நின்றான். சரிவை ஒருமுறை பார்த்தான். வானத்தைப் பார்த்தான். பிறகு நாடா கட்டினான்.

"இங்க சின்னப் பிள்ளைகூட இறங்கும். இதை அடைக்காமயா விட்டீங்க?"

"அங்கதான் பாறை வெச்சிருக்கோமே," என்றான் ஹார்லன்.

"இதுவா பாறை? தட்டைப் பக்கத்தை மேல வெச்சிருக்க. இதைப் பாத்தா எனக்குக் காலைத் தூக்கி வெக்கத்தான் தோணுது. படிக்கட்டு கட்டிட்டுப் பாறைன்னு சொல்றியே. திருப்பி வை. கூர் மேல இருக்கட்டும்."

பாறையைத் திருப்பினார்கள். அது வேலை செய்தது. வென்டல் இரண்டு முறை குறுக்கே இறங்க முயன்று, இரண்டு முறையும் முகம் சுளித்துத் திரும்பி வந்தான்.

"இப்ப பரவாயில்ல," என்றான். "இப்ப எனக்கு எரிச்சலா இருக்கு."

அவன் உற்சாகமாகிவிட்டான். மலை முழுக்க எங்கே ஏமாற்றலாம் என்பது ஒன்றுதான் கேள்வி என்றால் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஓரிடத்தில் ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரக் கன்றுகளுக்கு நடுவே குனிந்து போகலாம் என்று காட்டினான். வேரோடு சாய்ந்த மரம் ஒன்றைக் காட்டி, அதன் மேல் நடந்து போனால் ஒரு திருப்பத்தையே விழுங்கிவிடலாம் என்றான். நடந்தும் காட்டினான். மரத்தை வேர்ப்பக்கம் மேலே வரும்படி புரட்டிப் போட்டார்கள்.

"நீ நாடாதான் கட்டுற," என்றான் ஹார்லன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "கட்டின ஒவ்வொரு நாடாவுக்கும் நான் ஒரு கல்லு தூக்குறேன்."

"எனக்கு மூளை வேலை."

"டோனட்டு சரிசமமாத்தானே கிடைக்கும்?"

"மூளைக்கு ஒண்ணு கூடுதல்," என்றாள் லொரெய்ன்.

மூன்றாவது திருப்பத்தில் அவன் கல்சுவரைக் காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்தான். ஆடவில்லை. மேலே நடந்தான். மழைநீர் வெளியேறும் வாய்க்காலில் இலை அடைத்திருந்ததைக் குனிந்து கையாலேயே அள்ளிப் போட்டான். முட்டியைப் பற்றி அவன் நினைக்கவில்லை. சாய்வு அப்படி. லொரெய்ன் நினைத்தாள்.

உச்சிக்குக் கீழே கடைசித் திருப்பம். அங்கே பாதை இடப்பக்கம் வளைந்து பிர்ச் மரங்களுக்குள் நீளமாகப் போய், பிறகுதான் பாறைக்குத் திரும்பும். மற்றவர்கள் பின்தங்கியிருந்தார்கள். வென்டல் நின்றான்.

வலப்பக்கம் இரண்டு பிர்ச்சுகளுக்கு இடையில், சாய்ந்து நிற்கும் ஒரு பாறைக்குப் பின்னால், ஒரு சந்து. உள்ளே பாசி படிந்த கற்கள், யாரோ ஏறுவதற்கென்று அடுக்கியது போல. மேலே திறந்த வானம். அப்படியே ஏறினால் பருந்துப் பாறையின் நடுவில் போய்த்தான் தலை நீட்ட வேண்டும். முட்டியும் தாங்கும். அவன் வாழ்க்கையில் பார்த்த குறுக்குவழிகளில் அதுதான் சிறந்தது.

ஒருமுறை பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

"மழை வருமோ?" என்றான்.

"வராது," என்றாள் லொரெய்ன். "இங்க ஏதாவது?"

"இங்க ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாரு."

"பாத்தாச்சு. மான்கூட ஏறாது."

அவள் தலையசைத்துவிட்டு ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினாள்.

கல்யாணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, வேலையிலிருந்து வந்து புல்வெளியின் குறுக்கே நடந்தபோது ஏதோ குறைந்தது போலிருந்தது. கதவுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. ஓர் அடிகூட விலகாமல் வந்திருந்தான். சிமெண்டுத் தொட்டி இல்லை.

"தொட்டி எங்க?"

"குளிர் வருதில்ல," என்றாள் லொரெய்ன். "தண்ணி உறைஞ்சா வெடிச்சுடும். எடுத்து வெச்சாச்சு."

"யார் தூக்கினா?"

"ஹார்லன் வந்தான்."

முந்தைய குளிர்காலங்களில் அது அங்கேயேதான் இருந்தது. அவன் அதைக் கிளறவில்லை. போய் ஜன்னலருகே நின்று, வண்டியிலிருந்து கதவு வரை வளைவே இல்லாத தன் கோட்டைப் பார்த்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள். அவனுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மறுநாள் கடையில் ஹார்லன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. பிடிப்பு."

"தொட்டியை எங்க வெச்ச?"

"எங்க வெக்கச் சொன்னாளோ அங்க." ஹார்லன் அலமாரிப் பக்கம் திரும்பி, நேராக இருந்த டப்பாக்களை நேராக்கினான்.

சனிக்கிழமை வானம் துடைத்து வைத்தது போலிருந்தது. மேப்பிள் மரங்கள் செந்நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. அயோவாக்காரர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஏறினார்கள். டெரெக்கின் அம்மா கல்சுவருக்குப் பக்கத்தில் நின்று தனியாக ஒன்று எடுத்துக்கொண்டாள். எல்லோரும் போன பிறகு வென்டலும் ஜோலினும் கிளம்பினார்கள். அவன் கோட்டும் டையும் பூட்ஸும் போட்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு நாடாவின் நுனி வெளியே தெரிந்தது. யாராவது பார்த்தால் வேலையாகப் போகிறவன் என்று நினைக்கட்டும் என்று அவனே வைத்தது. ஜோலின் வெள்ளை உடுப்பின் ஓரத்தைத் துணி கிளிப்பால் தூக்கிக் கட்டியிருந்தாள். அவளும் பூட்ஸ்தான்.

கடைசித் திருப்பத்துக்கு வந்தார்கள். மேலே பிடில் கேட்டது. ஆட்களின் பேச்சும் கேட்டது. ஜோலின் கிளிப்புகளைக் கழற்றினாள்.

"அதைக் கழட்டாத," என்றான் வென்டல். "இப்படி வா."

"பாதை அந்தப் பக்கம்ப்பா."

"பாதை அந்தப் பக்கம்தான். நாம இந்தப் பக்கம். நேரா பாறை நடுவுல போய் ஏறிடலாம். ஹார்லன் மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு."

"அம்மா கொன்னுடுவா."

"அம்மாவுக்குத் தெரியாது. ஊருலயே இது எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

அவள் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிக்ஃபர்ட் ரத்தம். உடுப்பை மறுபடி தூக்கிக்கொண்டாள்.

இரண்டு பிர்ச்சுகளுக்கு இடையில் புகுந்தார்கள். சாய்ந்த பாறையைத் தாண்டித் திரும்பினார்கள்.

அங்கே சிமெண்டுத் தொட்டி நின்றது.

அடியில் கல் அடுக்கி, இடுக்குகளில் சல்லி திணித்து, அசைக்க முடியாதபடி உட்கார வைத்திருந்தார்கள். தொட்டி நிறையத் தண்ணீர். அதில் ஒரு சிவந்த இலை மிதந்தது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வென்டல் ஒருமுறை இடித்து உடைத்த விளிம்பு, அவனைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தது.

ஜோலின் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வென்டல் இடப்பக்கம் பார்த்தான். செங்குத்துப் பாறை. வலப்பக்கம் பார்த்தான். ஸ்ப்ரூஸ் கிளைகள் கையைக்கூட உள்ளே விடவில்லை. வீட்டில் எப்போதும் ஓர் அடி விட்டிருப்பாள். இங்கே ஒன்றும் விடவில்லை.

"இதையா மலை மேல தூக்கிட்டு வந்தாங்க," என்றாள் ஜோலின், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஹார்லனுக்கு இடுப்புப் பிடிப்பு," என்றான் வென்டல்.

வானத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு மகளின் கையைப் பிடித்துத் திருப்பத்துக்கே கூட்டி வந்தான். அவள் கிளிப்புகளைக் கழற்றி அவன் கோட்டுப் பையில் போட்டாள். இருவரும் இடப்பக்கம் திரும்பிப் பாதையில் நடந்தார்கள்.

பிர்ச் மரங்களுக்குள் பாதை முதலில் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது. பிடில் சத்தம் தேய்ந்தது. உடுப்பு தடுக்காமலிருக்க அவள் மெதுவாக நடந்தாள். அவனும் மெதுவாக நடந்தான். இரண்டு பேர் ஜோடியாக நடக்கிற அகலம் இருந்தது. மஞ்சள் இலைகள் விழுந்துகொண்டிருந்தன.

"வண்டிக்குக் குளிர்கால டயர் மாத்திட்டியா?" என்றான்.

"இன்னும் இல்ல."

"மாத்திடு."

"சரிப்பா."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"அவனுக்குப் பனியில ஓட்டத் தெரியுமா?"

"அயோவாவுலயும் பனி பெய்யும்ப்பா."

"அங்க தட்டை. வழுக்கினா நின்ன இடத்துலதான் நிக்கும். இங்க நான் சொல்லித்தரேன்."

"சரி. சொல்லிக்கொடு."

அவள் அவன் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். பாதை பாறைப் பக்கம் திரும்பியது. பிடில் மறுபடி பக்கத்தில் வந்தது. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக முன்னால் என்ன இருக்கிறதென்று பார்க்காமல், இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று பார்த்தான். மிச்சம் அதிகமில்லை.

வெளிச்சத்துக்கு வந்தார்கள். ஊரே பாறையின் மற்ற விளிம்பில், தாத்தா வழி வந்து சேரும் பக்கம் பார்த்து நின்றது. ஒருவர் திரும்பினார், பிறகு எல்லோரும் திரும்பினார்கள். ஹார்லன் ஒரு கையில் புத்தகத்தோடும் மறு கையில் இடுப்போடும் நின்றான்.

"எந்த வழியாப்பா வந்த?" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "நேராவா?"

"நேராத்தான் வந்தேன்," என்றான் வென்டல். "கடைசியில ஒரு தொட்டி இருந்துச்சு."

விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தபோது, அயோவாக்காரர்களைத் தவிர எல்லோரும்தான் என்று தெரிந்தது.

மகளின் கையை டெரெக்கின் கையில் கொடுத்துவிட்டு, அவன் போய் லொரெய்னுக்குப் பக்கத்தில் நின்றான். நேராகப் போனால் பிடில்காரரின் காலை மிதிக்க வேண்டியிருந்தது. சுற்றிப் போனான். லொரெய்ன் நீலக் கவுன் போட்டிருந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை. ஹார்லன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினான்.

வென்டல் அவள் காதருகே குனிந்தான்.

"இன்னும் ஒரு வளைவு வெச்சிருக்கலாம்."

"வெச்சிருக்கலாம்," என்றாள் லொரெய்ன், முன்னால் பார்த்தபடியே. "தொட்டி ஒண்ணுதான் இருந்துச்சு."